கழுவி வைத்த குப்பிகள்

தாராவியில் சோப்பு என்று கேட்டால் என் பட்டறையைத்தான் கை காட்டுவார்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கொப்பரையில் கொதிப்பதன் பதத்தை மூக்காலேயே சொல்லிவிடுவேன். மகளைச் செம்பூரில் ஆராய்ச்சி வரை கொண்டுவந்து சேர்த்ததும் அந்தச் சோப்புதான். இதைச் சொல்லாமல் நான் யாரிடமும் பேச்சை முடித்ததில்லை.

அவள் வேலை எனக்குப் புரிந்ததும் சோப்பால்தான். நோயாளிகள் தரும் ரத்தத்திலிருந்து, நோயோடு சண்டை போடும் அணுக்களைப் பிரித்தெடுப்பாள். அந்த அணுவின் தோல் கொழுப்பு. அதில் பதிந்திருக்கும் புரதங்களை மென்மையான ஒரு சோப்பு விட்டு இளக்கி எடுக்க வேண்டும். பிறகு அந்தச் சோப்பையே துளி மிச்சமில்லாமல் நீக்கி, புரதங்களை எடைபோட்டு அடையாளம் சொல்லும் மெஷினில் விட வேண்டும்.

"கொஞ்சம் நின்னா என்னட்டி? நல்ல சோப்பு யாரை என்ன செய்யும்?" என்றேன்.

"ப்பா, உங்க சோப்புப் புராணத்த மெஷின்ட்ட சொல்ல முடியாது. சோப்பு இருந்தா அது சோப்ப மட்டுந்தான் பாக்கும். மத்ததெல்லாம் கலாஸ்."

மழையில் ரயில் நின்று பாதி வேலையில் கிளம்பிய ஒரு நாள், அந்தப் புரதங்களை விட்டு வைக்கும் சுண்டுவிரல் உயரப் புதுக் குப்பிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து மூடிகளில் எண் எழுதினாள். எங்கள் வீட்டில் வெளியிலிருந்து வரும் பாத்திரம் எதுவும் சோப்புத் தண்ணீர் காணாமல் புழக்கத்துக்கு வராது. புது டம்ளருக்கும் அதே கதிதான். மறுநாள் மகள் மாட்டுங்கா வரை போயிருந்தபோது, என் மனைவி அத்தனை குப்பிகளையும் எங்கள் சோப்பில் ஊறவைத்து, வெந்நீரில் அலசி, வேட்டித் துணியில் உலர்த்திப் பையில் போட்டுவிட்டாள். நான் பட்டறையில் இருந்தேன்.

சில வாரம் கழித்து மகள் நேரே பட்டறைக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"மெஷின்ல சோப்புதான் தெரியுதுப்பா. நாங்க விடுற சோப்பு இல்ல, வேற. குப்பியில இருந்து வந்திருக்கு."

"இன்னொரு தரம் ரத்தம் வாங்கேன்."

"முலுண்ட்லேருந்து ரயில்ல நின்னுட்டே வந்து குடுத்தாங்கப்பா அந்த ஆன்ட்டி. மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முந்தின ரத்தம் அது. இப்ப ஆரம்பிச்சாச்சு. இனி எங்க போய் வாங்க?" அருகில் இருந்த சோப்புக் கட்டி ஒன்றைத் தள்ளி வைத்தாள். "கழுவி வச்சிருக்கேன்னு அம்மா சொன்னாங்க. டிபன் டப்பான்னு நெனச்சு சரின்னுட்டு ஓடிட்டேன். அம்மாட்ட சொல்லிராதீங்க."

சொல்லவில்லை. ரத்தம் கொடுத்த அந்த முலுண்ட் அம்மாளின் நோயில் அணுக்கள் என்ன செய்தன என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை சோறு போடும்போது மனைவி கேட்டாள்: "ஏட்டி, அந்தக் குப்பிய இப்பல்லாம் கொண்டாரதே இல்லயே. அங்க யாரு கழுவுதா?"

"அங்கயே வச்சிக்கிடுதோம்மா."

"கொண்டா. ஒரு பொழுதுல முடிச்சிருவேன். ஏங்க, நம்ம சோப்பப் பத்தி நீங்க சொல்லுங்களேன்."

மகள் தட்டிலிருந்து நிமிரவில்லை. எந்தக் கூட்டத்திலும் வாய் ஓயாத நான், குழம்பு ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினேன்.