அம்மா நிறுத்திவைத்த லிஃப்டுகள்

முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அம்மாவைப் பற்றி எழுதும் பொறுப்பை அப்பா என்னிடம் கொடுத்தார். தம்பி எழுதினால் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவான் என்பது காரணம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, எழுதுவதும் அடித்துத் திருத்துவதுமாக முடித்திருக்கிறேன். விடுபட்டவை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். தாத்தா கடலில் தவறியபோது அம்மா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். படிப்பை விட்டுவிட்டு மதுரையில் ஓர் அழகு நிலையத்தில் தொழில் கற்றார். சித்திமார் மூவரின் படிப்பும் கல்யாணமும் அந்தத் தொழிலால் நடந்தன. அதைச் சித்திமாரே சொல்வார்கள். குவைத்தில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அப்பாவை மணந்து, அங்கே சால்மியா பகுதியில் ஒரு லேடீஸ் சலூனில் வேலைக்குச் சேர்ந்தார். இதுவரை உங்களுக்குத் தெரிந்த அம்மா.

தெரியாத ஒன்றை எழுதப்போகிறேன் என்றதும் அப்பா, "இதெல்லாம் மலர்ல போடணுமா பிள்ள?" என்று கேட்டார். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. அம்மா யாரிடமும் சொல்லாததை நான் சொல்லலாமா? சில நாள் கழித்து அப்பாவே "போடு" என்றார்.

தொண்ணூறாம் ஆண்டு ஆகஸ்டில் ஈராக் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்தபோது அம்மா வயிற்றில் தம்பி இருந்தான். எனக்கு எட்டு வயது. நம் நாட்டவர் பஸ் பிடித்து ஜோர்டான் வழியாக ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. பாலைவனப் பயணமும் கூடாரத்தில் காத்திருப்பதும் ஆகாது என்று டாக்டர் தடுத்துவிட்டதால் நாங்கள் தங்கிவிட்டோம்.

குவைத் மக்கள் அடங்கியிருக்கவில்லை. துப்பாக்கி எடுத்தவர்கள் சிலர். எடுக்காதவர்களே அதிகம். தெருப்பெயர்ப் பலகைகளையும் வீட்டு எண்களையும் கழற்றிவிட்டார்கள், ராணுவம் தேடி வந்தால் திண்டாடட்டும் என்று. வீடுகளுக்குள் ரகசியமாக நோட்டீஸ் அச்சடித்துப் பரப்பினார்கள். நோட்டீசுடன் அகப்பட்டவர்களை அவர்கள் வீட்டு வாசலிலேயே சுட்டார்கள்.

அம்மாவின் சலூனுக்கு வழக்கமாக வரும் குவைத்திப் பெண் ஒருவர் பள்ளி ஆசிரியை. அங்கே ஆசிரியையை அப்லா என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஒருநாள் அப்லா தன் தம்பியோடும் நோட்டீஸ் நகலெடுக்கும் ஒரு மெஷினோடும் எங்கள் வீட்டுக்கு வந்து, ஒளிவதற்கு இடம் கேட்டார். நாங்கள் இருந்தது ஆறாம் மாடி. எட்டாம் மாடியில் பம்பாய்க் குடும்பம் ஒன்று, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்கு லீவில் போயிருந்தது. அப்பா யோசித்துக்கொண்டிருக்கையிலேயே அம்மா அந்தச் சாவியை எடுத்துக்கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடத்தைச் சோதித்த ராணுவத்தினர் லிஃப்டில் ஏறி நேராக மேல்மாடிக்குப் போய் இரண்டு பேரைப் பிடித்தார்கள். லிஃப்ட் மட்டும் ஓடாமல் இருந்திருந்தால், இவர்கள் படியேறி வருவதற்குள் அந்தப் பையன்கள் மொட்டைமாடி வழியாகத் தப்பியிருப்பார்கள் என்று அப்பா சாப்பிடும்போது சொன்னார். வேறொரு மெக்கானிக் வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாதபடி லிஃப்டை நிறுத்த முடியுமா என்று அம்மா கேட்டார்.

அந்தக் கட்டடங்களில் கையால் இழுத்துத் திறக்கும் கதவு. எல்லா மாடியிலும் கதவு சரியாக மூடியிருந்தால்தான் மோட்டார் ஓடும். மூடும்போது கதவு ஓரத்திலுள்ள சிறு பித்தளைத் தகடு கதவுச் சட்டத்திலுள்ள தகட்டைத் தொட்டு மின்சாரம் பாய வேண்டும். ஒரு மாடியில் அது தொடாவிட்டாலும் லிஃப்ட் நகராது. அப்பா இதை விளக்கி முடித்தார்.

"அப்ப அந்தத் தகட்ட மூடிட்டாப் போதும்லா?"

"எத வச்சு மூடுவ? டேப் ஒட்டுனா பாத்துருவான்."

அம்மா எழுந்துபோய்ச் சலூன் பையிலிருந்து நிறமில்லாத நெயில் பாலிஷைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அப்பா சிரித்தாராம். பூசிப் பார்த்தபோது லிஃப்ட் எட்டாம் மாடியில் நின்றதுதான், அசையவில்லை.

சலூன் மூடிக் கிடந்ததால் அம்மா வீடு வீடாகப் புருவம் திருத்தப் போய்க்கொண்டிருந்தார். வயிறும் கையில் பையுமாகப் போகிற பெண்ணை எந்தச் சோதனைச் சாவடியிலும் நிறுத்தவில்லை. போன கட்டடத்திலெல்லாம் ஒரு பெண்ணுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். சால்மியாவில் லிஃப்டுகள் ஒவ்வொன்றாக நின்றன.

பழி அப்பா தலையில் விழுந்தது. நான்காம் மாடியில் முழங்கால் வலியுள்ள பாகிஸ்தானியப் பெரியவர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் சாச்சா, அதாவது சித்தப்பா. அப்பாவைப் படியில் பார்க்கும்போதெல்லாம், இப்படிப்பட்ட மெக்கானிக்குக்கு யார் விசா கொடுத்தது என்று உருதுவில் கேட்பார்.

"இத்தன வருசம் சம்பாதிச்ச பேரு போச்சு," என்று அப்பா குறைப்பட்டுக்கொண்டார்.

"போகட்டும். சண்ட முடிஞ்சதும் திரும்ப வாங்கிக்கிடலாம்," என்றார் அம்மா.

பிறகு ஒரு தவறு நடந்தது. அடுத்த தெருவில் ஒரு பெண்ணுக்கு நிறமில்லாத பாலிஷ் தீர்ந்துவிட்டது. கடைகளும் இல்லை. அவர் சிவப்பைப் பூசிவிட்டார். ராணுவத்து எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துவிட்டான். அந்தத் தெரு லிஃப்டுகளையும் பார்த்துவந்தவர் என்பதால் உடனே அப்பாவைப் பிடித்துப்போய், இது என்ன என்று அதிகாரி கேட்டார். நட்டுகளை முறுக்கிச் சரிபார்த்ததும் சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி வைப்பது மெக்கானிக்குகளின் வழக்கம், அதுதான் வழிந்திருக்கிறது என்றார் அப்பா. புள்ளி வைப்பது உண்மையான வழக்கம்தான். அப்படியானால் உன் கட்டடத்தில் காட்டு என்றார் அதிகாரி. புள்ளிகள் இருந்த இடமோ மொட்டைமாடி மெஷின் ரூம். அதற்கு அப்லாவின் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவர்கள் படியேறி வந்த பூட்ஸ் சத்தத்தை நானும் கேட்டேன். அம்மா தண்ணீர்க் கூஜாவையும் டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு ஆறாம் மாடிப் படியில் போய் நின்றார். ஆறு மாடி ஏறி மூச்சு வாங்கிய ராணுவத்தினர் நின்று குடித்தார்கள். அம்மா மேலே கேட்கும்படி ஒவ்வொருவரிடமும் தமிழில் உரக்கப் பேசி ஊற்றினார். அவர்கள் எட்டாம் மாடியைக் கடந்தபோது அப்லாவின் நகல் மெஷின் ஓசை நின்றிருந்தது. அதிகாரி சிவப்புப் புள்ளிகளைப் பார்த்து நம்பினார், ஆனால் பாதிதான். லிஃப்ட் ஏன் ஓடவில்லை என்றதற்கு, ஒரு பாகம் எரிந்துவிட்டது, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார் அப்பா. அதற்கு முன் ஓடுவதைக் கண்டால் உன்னை இந்த வாசலில் நிறுத்துவேன் என்று சொல்லி, கீழே காவலுக்கு ஆள் போட்டுவிட்டுப் போனார்.

சில நாளில் ஒரு மத்தியானம் அம்மாவுக்கு வலி எடுத்தது, நாள் ஆகும் முன்பே. அப்பா பாலிஷைத் துடைக்கும் பாட்டிலை எடுத்துக்கொண்டு மேலே ஓடப் பார்த்தார்.

"அத எங்க கொண்டு போறீங்க?"

"ஒரே தடவ. ஒன்ன எறக்கிட்டு மறுபடி பூசிருதேன்."

"கீழ நிக்கவன் குருடனா? அப்புறம் மேல இருக்கவங்கள யாரு எறக்குவா?"

"பிள்ள, ஏற்கெனவே ரெண்டு போச்சு. இதுவும்..."

"போகாது. பாட்டில வச்சிட்டு நாற்காலிய எடுங்க."

சாப்பாட்டு மேசை நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து, அப்பாவும் எங்கள் மாடியிலிருந்த இரண்டு பேரும் தூக்கினார்கள். திருப்பங்களில் நாற்காலி சுவரில் இடித்தது. நான்காம் மாடியில் சாச்சா கதவைத் திறந்தார். மெக்கானிக்கை ஏதோ கேட்க வாயெடுத்தவர், அம்மாவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியின் நான்காவது காலைப் பிடித்துக்கொண்டார். அந்த முழங்காலோடு கீழ்வரை இறங்கினார்.

வாசலில் நின்றவன் சின்ன வயதுக்காரன். அம்மாவைப் பார்த்தான், லிஃப்டைப் பார்த்தான், இன்னும் ரிப்பேரா என்று அரபியில் கேட்டான். அம்மா நாற்காலியிலிருந்தபடியே, "கர்பான்" என்றார். கெட்டுப்போனது என்று அர்த்தம். அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கார் வாசல்வரை வருவதற்காக மணல் மூட்டைகளை நகர்த்திக் கொடுத்தான்.

அன்று மாலை தம்பி பிறந்தான். கைக்குள் அடங்குகிற அளவுதான். ஆனால் நன்றாக அழுதான்.

பிப்ரவரியில் நாடு விடுபடும்வரை எங்கள் லிஃப்ட் ஓடவில்லை. அப்லா இறங்கி வந்து தம்பியை மடியில் வாங்கிக்கொண்டார். பம்பாய்க் குடும்பத்தார் திரும்பி வந்து, வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்கவில்லை. செடிகள் இவ்வளவு வளர்ந்திருக்கின்றனவே என்று மட்டும் சொன்னார்கள். அம்மா மறுபடி சலூனுக்குப் போனார். எங்களைப் படிக்கவைத்தார். இதைப் பற்றிப் பேசவே இல்லை.

எனக்குத் திருமணமாகி, கணவருக்கு ராஸ் லஃபானில் வேலை என்பதால் கத்தாருக்கு வந்தேன். என் பிரசவத்துக்கு வந்த அம்மாவுக்கு இங்கேதான் சிறுநீரகக் கோளாறு தெரிந்தது. டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து படுத்திருந்த ஒருநாள், பல வருடமாக மனதில் இருந்ததைக் கேட்டேன். வயிற்றில் ஒரு பிள்ளை, கூடவே நான், உங்களுக்குப் பயமாக இல்லையா? என் மகளுக்குச் சளி பிடித்தாலே தூங்காதவள் நான். உங்கள் இடத்தில் இருந்தால் பாட்டிலைத்தான் எடுத்திருப்பேன் என்றும் சொன்னேன்.

"பயந்துக்கிட்டேதான் எறங்குனேன் மக்கா. பயம் போனப்புறம் செய்வோம்னு இருந்தா என்னைக்குச் செய்ய?" என்றார்.

அம்மா செய்தது சரியா, எங்களை வைத்துக்கொண்டு அப்படித் துணிந்திருக்கலாமா என்று இன்றும் யோசிக்கிறேன். யோசித்து முடிக்கும்போதெல்லாம் சரி என்றே வருகிறது.

சென்ற ஆண்டு தவக்காலத்தில் அம்மா இறைவனில் உறங்கினார். மருத்துவமனையில் முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் அக்காமார், உடலை ஊருக்கு அனுப்பத் தூதரகத்துக்கும் விமான நிலையத்துக்கும் அலைந்த கணவரின் பழைய ரூம் நண்பர்கள், டியூட்டி முடிந்து வந்து ஜெபித்த செபக்குழுவினர், அடக்கத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்ட சித்திமார், பங்குத்தந்தை, ஊரார் அனைவருக்கும் எங்கள் நன்றி.

சால்மியாப் பெண்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் பெயரையும் அம்மா கேட்டுக்கொள்ளவில்லை, தன் பெயரையும் சொல்லவில்லை. பிடிபட்டால் சொல்ல எதுவும் இருக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. நாற்காலியைத் தூக்கியவர்களும் போருக்குப் பின் எங்கெங்கோ பிரிந்துவிட்டார்கள். சாச்சா லாகூருக்குத் திரும்பியதாகக் கேள்வி. அவர்களில் யாருக்காவது இந்தச் செய்தி கைமாறிப் போய்ச் சேரும் என்றே இதை எழுதினேன். நீங்கள் சுமந்து இறக்கிய பிள்ளை நன்றாக இருக்கிறான். இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்துவிட்டான்.