மச்சானோட மூத்திர பாட்டில்

கொல்லிமலையில என்னையாட்ட கெட்டிக்காரன் இன்னும் பொறக்கலீங்க. கீழ்நாட்டு டாக்டரையே ஏமாத்தினவன் நானு!

சரி... பொய்யி. கெட்டிக்காரன்ங்கறது பொய்யி. டாக்டரை ஏமாத்தினது நெசம்.

எனக்கு எழுத வராதுன்னு வாராவாரம் பத்திரிகையில படிக்கிற உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல, காப்பித் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை எழுதறாரு. கை அவருது, வாய்க்கொழுப்பு என்னுது.

முந்தாநாள் காலையில மச்சானுக்கு — அதான், என் சம்சாரத்தோட அண்ணனுக்கு — கண்ணைத் தொறக்க முடியலை. மூஞ்சி அம்புட்டு வீக்கம். கால்ல வெரலை வெச்சு அமுக்கினா, களியில அமுக்கினாப்பல குழி விழுகுது.

"ஏனுங் மாப்ளே, டாக்டரு எனக்கு ஒண்ணுமில்லைன்னுதானே சொன்னாரு?"ங்கறாரு.

போர்வையை இழுத்து அவரு கால்மேல போட்டேன்.

மச்சானுக்குப் பொறந்ததுலிருந்தே ஒரு விசித்திரம். மூத்திரம் போறப்ப மஞ்சளாத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் கிடந்தா கறுத்துப் போகும். பச்சைக் குழந்தையில கட்டின துணியெல்லாம் கரி புடிச்சாப்பல ஆகுமாம். அவங்கய்யன் சொந்த அக்கா மகளைக் கட்டினவரு. அந்த வழியில இன்னும் ரெண்டு பேருக்கு இப்படித்தான். ஆனா மலையில எவனும் அதை நோவுன்னு நெனைக்கலை.

நான் மட்டும் நெனைச்சேனா? "எங்க மச்சான் ஒரு மைக்கூடு, பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தர்லாம்"னு கல்யாணப் பந்தியில சொன்னேன். பந்தியே சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு. அப்பறம் பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிட்டாரு.

போன வருசம் அவருக்கு இடுப்புல உயிர் போற வலி. மூத்திரத்துல கறுப்பா ஒரு கல்லு கூட விழுந்துச்சு. அப்ப மலைக்கு வந்திருந்த டாக்டரு, "விடிகாலை மூத்திரத்தைப் புடிச்சு அடிவாரத்துல இருக்கற என் ஆஸ்பத்திரிக்குக் குடுத்தனுப்பு, சோதிக்கணும்"னாரு. மச்சானால மலை எறங்க முடியலை. காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை வீசி எறிஞ்ச பிராந்தி பாட்டில் ஒண்ணுல புடிச்சு என் கையில குடுத்தாரு. "யாருக்கும் காட்டாதீங்க மாப்ளே."

மூணு மணி நேர எறக்கம். ஆஸ்பத்திரி வாசல்ல பாட்டிலை எடுத்தா... கன்னங்கரேல்னு இருக்குது!

"ஏனுங்ணா, காப்பி விக்க வந்தீங்களா?"ன்னான் ஒருத்தன். எல்லாரும் சிரிச்சாங்க.

ஊரையே சிரிக்க வெக்கிறவன் நானு. அன்னிக்கு எனக்கு வெக்கமாப் போச்சுங்க. அதுவுமில்லாம, இதைப் பாத்தா 'கெட்டுப்போனதைக் கொண்டாந்தியா'ன்னு டாக்டரு திட்டுவாரோன்னு ஒரு பயம். நேரா வேலியோரம் போனேன். கறுப்பைக் கீழ ஊத்தினேன். பாட்டிலைக் கழுவி, என்னுதைப் புடிச்சேன். ரெண்டு பேரும் ஒரே சாமைச் சோறு திங்கறோம், ஒரே ஊத்துத் தண்ணி குடிக்கறோம் — யாரோடதா இருந்தா என்ன?

டாக்டரு அதைக் கண்ணாடிக் குழாயில ஊத்தி, வெளக்குல காட்டிக் கொதிக்க வெச்சாரு. கிட்னி கெட்டிருந்தா பாலாட்டம் திரியுமாம். "திரியலை. கிட்னிக்கு ஒண்ணுமில்லை, கவலைப்படாதீங்க."

அதை அப்படியே மச்சான்கிட்டச் சொன்னேன். சந்தோசத்துல கோழி அடிச்சாரு. ரெண்டு தொடையும் எனக்கே வெச்சாரு. தின்னேனே!

நேத்து ஓடிப்போயி டாக்டர்கிட்ட உண்மையைக் கக்கினேன். அவரு பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. திங்கற சோறு உடம்புல சேர்றதுல ஒரு கோளாறாம். அய்யன் ஆத்தா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வர்றதாம். ரொம்ப அபூர்வமாம். இத்தனை வருசமா அந்தக் கறுப்பை வடிகட்டி வடிகட்டி, கல்லும் அடைச்சு, கிட்னி கெட்டிருக்கும்ங்கறாரு.

"அந்தக் கறுப்பைத்தான்யா நான் பாத்திருக்கணும். அப்பவே கல்லையாவது எடுத்திருப்பேன்."

"இப்பங்க?"

"ஆளைக் கொண்டா. பாக்கலாம்." அம்புட்டுத்தான். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தா தேவலை.

நமக்கெல்லாம் நோவைவிட, நாலு பேரு சிரிப்பாங்களேங்கறதுதான் பெரிய பயம். அந்த நாலு பேர்ல மொத ஆளா நின்னவன் நானு.

மச்சானுக்கு இது எதுவும் தெரியாது. இன்னிக்குச் சொல்லிப்புடணும். எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான்... 'மச்சான், அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான்' —

"ஏனுங்க! மூங்கில்ல தூளி கட்டியாச்சு. தூக்கறதுக்கு ஆளும் வந்தாச்சு. மாப்ளை கூட வந்தாத்தான் ஏறுவேன்னு அண்ணன் உக்காந்திருக்குது. வெரசா வாங்க!"

சம்சாரம் கூப்பிடறா. நிறுத்துங்க கணக்குப்பிள்ளை.

நான் வந்தாத்தான் ஏறுவாராம்... கேட்டீங்களா?