மீசை வைத்துக் கொடுக்கப்படும்

பெனர் கடையில் வேலை செய்கிறவளுக்கு உலகச் சரித்திரம் தெரியவேண்டியதில்லை. ஹிட்லரின் மீசையைச் சரியான இடத்தில் வைக்கத் தெரிந்தால் போதும். கல்முனையில் என் அண்ணனின் கடை; எங்கள் பேச்சில் காக்கா. கணினிக்கு முன்னால் இருந்து பெனர் வடிவமைப்பது நான். அந்த மீசையைத் தனியாக வெட்டி, தேடாமல் எடுக்கத் தோதாக ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். என்னைப்போல் கழுத்து வலியோடு இந்தத் தொழிலில் கிடப்பவர்களே, உங்களிடமும் ஒன்று இருக்கும். இல்லையென்று பொய் சொல்லாதீர்கள்.

கான் மூடி

முதலில் அந்த மீசையைக் கேட்டு வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். அவர் வீட்டு வாசலில் ஓடும் கழிவுநீர்க் கானுக்கு மூடி இல்லை. பேரன் அதற்குள் விழுந்து முழங்கால் உரிந்துபோனது. வட்டார உறுப்பினரிடம் நாலு தடவை நடந்தும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே உறுப்பினரின் படத்துக்கு மீசை வைத்து, ‘எங்கள் ஊரின் ஹிட்லர்’ என்று எட்டடிப் பெனர் ஒன்று வேண்டும், எங்கள் கடைக்கு எதிரே சந்தியில் கட்டுவதற்கு.

மூடி போடாததற்கும் ஹிட்லருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அப்போது எனக்குத் தொழில் புதிது, கேள்வியெல்லாம் கேட்பேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: “அவன் வேற என்னென்ன செஞ்சான் எண்டு எனக்குத் தெரியா மகள். ஆனா கானுக்கு மூடி போட்டிரிக்க மாட்டான்.”

தாடி

பிறகு ஒரு தேர்தல் வந்தது. ஒரு வேட்பாளரின் ஆட்கள் எதிர் வேட்பாளரின் படத்தோடு வந்து மீசை கேட்டார்கள். படத்திலிருந்தவர் எங்கள் பக்கத்தில் பலரையும்போல மேலுதட்டை மழித்து, தாடியை நன்றாக வளர்த்தவர். அதற்குமேல் ஹிட்லரின் மீசையை வைத்தால் ஹிட்லர் வரவில்லை. மீசையும் தாடியும் சேர்ந்து, பத்து வயது குறைந்த ஒரு மாப்பிள்ளை வந்தார். எடுத்துச் சொன்னேன், கேட்கவில்லை. கேட்டதை அடித்துக் கொடுப்பதுதானே நம் வேலை!

மூன்றாம் நாள் படத்திலிருந்த வேட்பாளரே கடைக்கு வந்தார். அவரைக் கண்டதும் காக்கா தேத்தண்ணி குடிக்கவென்று பின்கதவால் போய்விட்டார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் சலாம் சொல்லி, குரலைத் தாழ்த்தினார். “தங்கச்சி, அந்தப் போட்டோவ எனக்கும் ஒண்டு அடிச்சித் தாங்க. ஊட்ட இரிக்கிறவ நல்லாரிக்கி எண்டு சொல்லுறா.”

இரண்டு அணி

மீனவர் சங்கமொன்றில் நிர்வாகத் தெரிவு. காலையில் தலைவரின் அணி வந்து, ‘பாசிசத்தைத் தோற்கடிப்போம்’ என்று அடித்துக்கொண்டு போனது. கூட்டத்தில் எதிரணி மைக்கைப் பறித்ததாம், அதுதான் பாசிசம். பின்னேரம் எதிரணியின் செயலாளர் வந்தார். தலைவர் மைக்கைத் தரவே இல்லையாம், அதுவும் பாசிசம்தான். இதே வாசகத்தைக் காலையில் அவர்களுக்கு அடித்துவிட்டேனே என்று தயங்கினேன். அவருக்கு முகம் மலர்ந்தது. “அப்ப லேசாப் போச்சி. படத்த மட்டும் மாத்துங்க, பாசிசம் அப்புடியே கிடக்கட்டும்.”

காக்கா

நானும் சும்மா இருந்தவளில்லை. ஒரு நோன்பில், கஞ்சி காய்ச்சுகிற நேரத்திலும் என்னைக் கடையில் மறித்து வைத்ததற்குக் காக்காவை ஹிட்லர் என்று திட்டினேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: “பெனர் அடிக்கிறண்டா அடி. டிசைனும் நீதான் பண்ணணும், வேற ஆளில்ல.”

வெள்ளைப் பெனர்

நடந்த வரிசைப்படி இது முன்னுக்கு வரவேண்டியது. சொல்ல மனமில்லாமல் நான்தான் கடைசிக்குத் தள்ளினேன். கொரோனாவில் மௌத்தானவர்களை அடக்கக்கூடாது, எரிக்கத்தான் வேண்டும் என்று நாட்டில் சட்டமாக இருந்த மாதங்கள் அவை. குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, மண்ணில் வைப்பது மௌத்தானவருக்கு நாங்கள் செய்யும் கடைசிக் கடமை. அதைச் செய்ய முடியாமல் ஊரே தவித்துக் கிடந்தது.

சாய்ந்தமருதிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மீன்பிடித் தொழில். அவருடைய வாப்பா ஆஸ்பத்திரியில் மௌத்தாகி ஐந்து நாள். எரிப்பதற்குச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டு அழைப்பு வந்துகொண்டே இருந்தது, அவர் வைக்கவில்லை. வீட்டுக் கேட்டில் கட்ட ஒரு பெனர் வேண்டும் என்றார்.

பழகிய கை, மீசைக் கோப்பைத் திறந்துவிட்டது. “ஹிட்லர் போடுவமா மாமா?” என்று கேட்டும்விட்டேன். அந்தச் சொல்லைப் பெனரில் போட ஓரளவாவது உரிமையுள்ள ஒரு மனிதர் என் கடைக்குள் வந்தது அன்று மட்டும்தான். அவர் திரையைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கதவு வழியாகச் சந்தியைப் பார்த்தார். தபால்காரரின் பெனர் வெயிலில் வெளிறிப்போய் அங்கே இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. முகக்கவசத்துக்குள் எனக்கு முகம் சுட்டது. அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. அவர் கோபப்படவில்லை. “அது கான் மூடிக்குத் தொங்குதே புள்ள. எனக்கு வெள்ளையில வாப்பாட பேர மட்டும் எழுதித் தாங்க.”

அந்த மீசை இப்போதும் என் கணினியில்தான் இருக்கிறது, ஏனென்றால் கானுக்கு இன்னும் மூடி வரவில்லை.