டாக்டர் சாவித்திரியும் நான் கொடுக்காத புகாரும்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் நாத்தனார் பாக்கியம் கிள்ளானிலிருந்து போன் செய்தாள். "அண்ணி, உட்கார்ந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். நின்றுகொண்டுதான் இருக்கிறேன், சொல் என்றேன். "டாக்டர் சாவித்திரி போயிட்டாங்க. நேத்து சாயங்காலமாம். இப்பதான் வாட்ஸ்அப்ல வந்துச்சு." அதன் பிறகு உட்கார்ந்தேன்.

அவருக்கு நோய் இருந்தது தெரியும். ஏழெட்டு மாதமாகப் பிரிக்பீல்ட்ஸில் அவர் கிளினிக்கின் கதவு பூட்டியே இருந்தது. ஆனாலும் எழுபத்தெட்டு வயதில் இருப்பவள் ஐம்பத்தொன்பது வயதுக்காரருக்கு இரங்கல் எழுதுவோம் என்று எதிர்பார்ப்பதில்லை.

அவரை உங்களில் பலர் அறிவீர்கள். பரீட்சைக்குப் பயந்த பிள்ளைகளையும் ஊசிக்குப் பயந்த கணவர்களையும் அவரிடம் அழைத்துப் போயிருப்பீர்கள். இறுதிச் சடங்கன்று செமினியில் அவர் வீட்டு வாசலில் பேசிய எல்லோரும் அவரைப் பொறுமைசாலி என்றார்கள். எனக்கு அது தெரியாது. என்னிடம் அவர் பொறுமையாக இருந்ததில்லை. நான் எழுத வந்தது வேறு விஷயம். அவர் இல்லாதிருந்தால் அந்தச் செய்தியைச் சொல்லப் பாக்கியம் எனக்குப் போன் செய்திருக்க மாட்டாள். நான் கொடுத்த புகாருக்குப் பதில் சொல்ல அவள் போலீஸ் நிலையத்துக்கு நடந்துகொண்டிருப்பாள்.

என் கணவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதத்தில் படுத்தார். விழுங்கும் சக்தி போய்விட்டது. வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று மலாய் மொழியில் எழுதிய அட்டை ஒன்றை மருத்துவமனையில் கட்டிலின் தலைமாட்டில் மாட்டியிருந்தார்கள். ஆறாம் நாள் பகல், கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் நான் இருபது நிமிடம் தூங்கிவிட்டேன். விழித்தபோது கட்டிலைச் சுற்றி நர்ஸுகள். வாசலில் கைப்பையோடு பாக்கியம். என் கணவர் போய்விட்டிருந்தார். மூச்சுக்குழாயில் ஏதோ போயிருக்கலாம், எச்சிலாகக்கூட இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் வார்டு டாக்டர்.

அன்று முதல் எனக்குத் தூக்கம் போனது. மாத்திரை பிடிக்கவில்லை. எங்கள் குடும்ப டாக்டர்தான் என்னை ஹிப்னாசிஸ் செய்யும் மனநல மருத்துவரான டாக்டர் சாவித்திரியிடம் போகச் சொன்னார்.

அவர் கிளினிக் ஒரு பூக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. நான் நினைத்ததுபோல் ஊசலாடும் கடிகாரமும் இல்லை, இருட்டறையும் இல்லை. இருந்தது ஒரு நீளமான கேள்வித்தாள்தான்.

"வலிப்பு வந்திருக்கா? யாரும் இல்லாதப்போ குரல் கேட்குமா? வீட்ல யாருக்காச்சும் மனநோய் இருந்துச்சா?"

"என்னைப் பைத்தியம்னு நினைச்சிட்டீங்களா டாக்டர்?"

"எல்லாரையும் கேப்பேன் ஆன்டி. சில பேருக்கு இதைச் செய்யவே கூடாது, நோய் கூடிடும். இதைக் கேட்காம ஆரம்பிக்கிறவங்ககிட்ட நீங்க போகாதீங்க."

"ஆன்டி இல்ல. மிசஸ் தர்மலிங்கம்."

"சரி, மிசஸ் தர்மலிங்கம் ஆன்டி."

பிறகு ஒரு தாளைக் கொடுத்துப் படித்துக் கையெழுத்திடச் சொன்னார். தலைவலி வரலாம், தலை சுற்றலாம், தூக்கக் கலக்கம் நீடிக்கலாம், காரணம் தெரியாமல் அழுகையோ பதற்றமோ வரலாம் என்று அதில் இருந்தது. முறையாகப் பயின்றவர் செய்தால் பெரும்பாலும் ஆபத்தில்லாத சிகிச்சைதான், ஆனாலும் இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்றார். கன்னிமாடப் பள்ளியில் கன்னியாஸ்திரீகளிடம் படித்த பழக்கம் என்னை விடவில்லை. கையெழுத்திடுவதற்கு முன் அந்தத் தாளில் இருந்த இரண்டு பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்தினேன். மறுவாரம் புதிதாக அச்சடித்து வைத்திருந்தார்.

முதல் நாள் கண்ணைத் திறந்ததும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக் கைப்பையை எடுத்தேன். அவர் அதை வாங்கித் தன் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "இருபது நிமிஷம் உட்கார்ந்து டீ குடிச்சிட்டுதான் போகணும். எழுந்த உடனே எல்லாரும் நல்லா இருக்கேன்னுதான் சொல்வாங்க. படிக்கட்டுக்கு அது தெரியாது." எனக்குக் கோபம் வந்தது. பத்தாவது நிமிடத்தில் தலை சுற்றியபோது கோபம் அடங்கியது. ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

ஐந்தாறு வாரத்தில் தூக்கம் திரும்பியது. அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த இருபது நிமிடம் என்னை விடவில்லை. ஒருநாள் கேட்டேன்: "நான் தூங்கினப்போ அந்த வார்டுல என்ன நடந்துச்சுன்னு இதால எடுக்க முடியுமா?"

"முடியாது. செய்யவும் மாட்டேன்," என்றார். "மறந்ததைத் திறந்து காட்டுற பெட்டி இல்ல இது. கேட்டா மனசு ஏதாச்சும் ஒண்ணைச் செஞ்சு கொடுத்துடும்." அடுத்தவர் வெளியே காத்திருந்தார். பேச்சு அதோடு முடிந்தது.

என்னிடம் அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தோரு ஆண்டு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். தமிழில் சாட்சி சொன்னவர்கள் எத்தனையோ பேரின் வார்த்தைகளை, ஒரு சொல் கூடாமல் குறையாமல், நீதிபதியின் காதில் சேர்த்திருக்கிறேன். பொய்ச் சாட்சியின் குரல் எனக்குத் தெரியும் என்ற கர்வம் இருந்தது. ஞாபகத்தைப் பற்றி எனக்கே பாடமா?

கிள்ளானில் ஒரு கடைவரிசையின் மாடியில் ஹிப்னாசிஸ் செய்யும் மாஸ்டர் ஒருவர் இருப்பதாகத் தெரிந்தவர் சொன்னார். சுவர் நிறையச் சான்றிதழ்கள். எல்லாமே வார இறுதி வகுப்புகளில் வாங்கியவை என்பதைப் பின்னால்தான் கவனித்தேன். கேள்வித்தாள் இல்லை, டீயும் இல்லை. அரை மணி நேரத்தில் நான் வேண்டியது கிடைத்துவிட்டது. பாக்கியம் ஜன்னல் பக்கம் நிற்கிறாள். என் கணவரின் தலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். கையில் வெள்ளை டம்ளர். அவர் குடிக்கிறார். இருமுகிறார். இப்போது என் முன்னால் இருக்கும் இந்த மேசையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தேன்.

மூன்று பக்கம் வாக்குமூலம் தட்டச்சு செய்தேன். முதலாண்டுத் திவசத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. போலீஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் டாக்டர் சாவித்திரியின் மாடியில் ஏறினேன். உண்மையைச் சொன்னால், அவரிடம் காட்டிப் பெருமைப்படவே ஏறினேன்.

"நீங்க முடியாதுன்னீங்க. வேற ஒருத்தர் ஒரே தடவையில எடுத்துட்டார்."

அவர் மூன்று பக்கத்தையும் படித்தார். திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார்.

"யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல. இங்கேருந்து நேரா ஸ்டேஷனுக்குத்தான் போறேன். திவசத்தன்னிக்குக் குடும்பத்துக்கே சொல்வேன்."

"உட்காருங்க."

"நேரமில்ல."

"உட்காருங்க ஆன்டி." குரல் உயரவில்லை. ஆனால் எனக்கும் கதவுக்கும் நடுவில் வந்து நின்றார். "அவர் என்ன கேட்டாரோ, அந்த வார்த்தை அப்படியே வேணும் எனக்கு."

அது என் தொழில். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்: "'கட்டில் பக்கத்துல ஒருத்தங்க நிக்கிறாங்க. யாருன்னு பாருங்க. அவங்க கையில என்ன வச்சிருக்காங்க?'"

சொல்லி முடித்ததும்தான் அது என் காதிலேயே விழுந்தது. சாட்சியின் வாயில் பதிலை வைக்கும் கேள்வி. அப்படிக் கேட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபிப்பதை எத்தனை தரம் கேட்டிருப்பேன். ஒருவர் நிற்பதாக நான் அந்த மாஸ்டரிடம் சொல்லவில்லை. கையில் ஏதோ இருப்பதாகவும் சொல்லவில்லை. இரண்டையும் அவர் கொடுத்தார். அந்த இடத்தில் நிறுத்த ஒரு பெயர் மட்டும் நான் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் கர்வம் அத்தனை சீக்கிரம் இறங்குவதில்லை. "கேள்வி தப்பா இருக்கலாம் டாக்டர். நான் பார்த்தது தப்பில்ல."

"சரி. இப்ப கண்ணைத் திறந்துட்டே சொல்லுங்க. பாக்கியம் எங்க நிக்கிறாங்க?"

"ஜன்னல் பக்கம்."

"அங்கிள்?"

"கட்டில்ல. தலையைத் தூக்கிப் பிடிச்சிருக்கா."

"நீங்க?"

"நாற்காலியில. சாம்பல் நிறப் புடவை. தலை ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. வாய் கொஞ்சம் திறந்து..."

நிறுத்திவிட்டேன்.

"உங்க வாய் திறந்திருந்ததை யார் பார்த்தாங்க ஆன்டி?" என்று கேட்டார்.

கீழே பூக்கடையில் யாரோ மல்லிகைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தது நன்றாகக் கேட்டது. "அப்ப அது பொய்யா?" என்றேன்.

"பொய்னு நான் சொல்ல மாட்டேன். நிஜம்னும் சொல்ல முடியாது. நான் அங்க இல்ல, நீங்க தூங்கிட்டிருந்தீங்க. இந்தப் படத்துல எது உங்களோடது, எது அவர் கொடுத்ததுன்னு இனிமே யாராலயும் பிரிக்க முடியாது. தலைவலி நாளைக்குப் போயிடும். இது போகாது."

பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "அன்னிக்கு மூணு நிமிஷத்துல முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஏன்னு உட்கார வச்சுப் பேசியிருக்கணும். உங்களைக் கிள்ளானுக்கு அனுப்புனது நான்தான்." படித்தவர்கள் தங்கள் தவற்றை இவ்வளவு நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை, கூண்டில் ஏற்றி நிறுத்தியபோதுகூட.

என் எதிரிலேயே அந்த மாஸ்டருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் குதூகலமாக வந்தது: "கஸ்டமர் ஹேப்பி லா டாக்டர். அழுதுட்டு நன்றி சொல்லிட்டுதான் போனாங்க." டாக்டர் சாவித்திரி போனை வைத்துவிட்டார். பின்னர் எழுத்துமூலம் புகார் அனுப்பினார். என்ன ஆனதென்று தெரியாது. அந்த ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

வாக்குமூலத்தை அவர் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. "உங்க பேப்பர், உங்ககிட்டயே இருக்கட்டும். ஒன்பது நாள் மட்டும் கொடுங்க. யாரையும் எதுவும் கேட்காதீங்க, சொல்லாதீங்க. தினம் நாலு மணிக்கு எனக்குப் போன் பண்ணுங்க." பண்ணினேன். நான்காம் நாள் பாக்கியம் கூப்பிட்டு, "அண்ணி, அண்ணனுக்குப் பிடிச்ச வாழைக்காய்ப் பொரியல் நான் செஞ்சு எடுத்துட்டு வரேன்," என்றபோது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு நாலு மணிக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திவசத்தன்று டாக்டர் சாவித்திரி அழைக்காமலே வந்தார். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஐயர் போன பிறகு பாக்கியம் சமையற்கட்டிலிருந்து வந்தாள். கையில் ஒரு டம்ளர். "காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலியே அண்ணி. இதைக் குடிங்க முதல்ல." குனிந்து என் வாய்க்கு நேராக நீட்டினாள். உடனே அந்தப் படம் வந்தது. அதே வளைந்த முதுகு, அதே கை. அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

டாக்டர் என் பக்கம் திரும்பாமலே மெதுவாகச் சொன்னார்: "உள்ள தெரியுறது ஒண்ணு. எதிர்ல இருக்குறது ஒண்ணு. எதிர்ல இருக்குறதை வாங்குங்க." வாங்கிக் குடித்தேன். டம்ளர் பல்லில் இடித்தது.

அதன் பிறகு பாக்கியமே அவரிடம் போகத் தொடங்கினாள், ஸ்கேன் எடுக்கும் குழலுக்குள் போகப் பயந்து. இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் என்னைக் கேலி செய்வார்கள் என்று கேள்வி. அவளிடம் அவர் எதையும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த அஞ்சலியை எழுதும்போதுதான், இதைப் பாக்கியம் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது. இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். முடித்தபின் தாள்களை நேராக அடுக்கி வைத்தாள்.

"மூணு வருஷமா இதை மனசுல வச்சுக்கிட்டா என் வீட்ல சாப்பிட்டீங்க?"

"ஆமாம்."

எழுந்து உள்ளே போனாள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள்.

"ஒரு தடவைகூட என்னைக் கேட்கலியே அண்ணி. இப்பக் கேளுங்க."

நீ தண்ணீர் கொடுத்தாயா என்ற கேள்விதான் முதலில் வந்தது. அது அந்த மாஸ்டரின் கேள்வி. அதை விழுங்கினேன். "அன்னிக்கு என்ன நடந்துச்சு? உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு," என்றேன்.

"ரயில் லேட்டு. ஓடித்தான் வந்தேன். நீங்க தூங்கல அண்ணி. அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தீங்க. அண்ணன் தூங்குறாங்கன்னு நினைச்சேன். உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு வாசல்லயே நின்னேன். அப்புறம்தான் நர்ஸ் வந்து பார்த்தாங்க."

நான் தூங்கினேன் என்பது மட்டும்தான் இத்தனை நாளாக நான் சந்தேகிக்காத விஷயம். அவள் கண்டது நடந்ததா, என்மேல் உள்ள அன்பால் அவள் மனம் செய்து கொடுத்ததா, என்னால் சொல்ல முடியாது. வெள்ளை டம்ளரும் இன்னும் வருகிறது. இப்போது அதன் பக்கத்தில், அழுகிற ஒருத்தியும் இருக்கிறாள்.

கட்டுரையில் தன் பெயரை மாற்ற வேண்டாம், இருக்கட்டும் என்றாள் பாக்கியம். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். இரண்டு பேரும் அதிகம் பேசாமல் சாப்பிட்டோம்.

டாக்டர் சாவித்திரியிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டு, எதிரில் இருப்பவளோடு ஒரே மேசையில் உட்கார முடிந்தது. எழுபத்தைந்து வயதுக்கு மேல் கற்றேன். கற்றுக்கொடுத்தவர் என்னை மிசஸ் தர்மலிங்கம் என்று மட்டும் கடைசிவரை அழைக்கவில்லை.