வரைபடத்தில் என் தங்கையைத் தேடிய பகல்

"கல்வராயன் மலையில் ஜீப்பை வெள்ளம் அடித்துச் சென்றது. அதில் இருந்த நர்ஸும் கர்ப்பிணியும் மாயம்."

இந்த இரண்டு வரிகள் என் கம்ப்யூட்டர் திரையில் வந்து நின்றபோது மதியச் சாப்பாட்டு நேரம். அந்த நர்ஸ் என் கூடப்பிறந்த தங்கை. அது எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஜீப் அடித்துச் செல்லப்பட்ட இடத்தை வரைபடத்தில் குறிக்க வேண்டிய வேலை என்னுடையது.

மாரியம்மனை நம்பி வாழும் என் சொந்தங்களே, அன்றைக்கு அந்தத் தாய் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தால் எனக்கு மனசு ஆறாது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் மலர்விழி. சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. சென்னையில் ஒரு நாளிதழில் கிராபிக்ஸ் எடிட்டராக இருக்கிறேன். ஊரில் கேட்பவர்களுக்கு, "பேப்பர்ல மேப்பு, படம், கட்டம் எல்லாம் வருதில்ல, அத போடறவ" என்று அம்மா சொல்லிவிடுவார். அது சரிதான். எங்கே மழை, எங்கே வெள்ளம், எந்தச் சாலை மூடியிருக்கிறது என்பதையெல்லாம் படிக்கிறவர் ஒரு பார்வையில் புரிந்துகொள்ளும்படி வரைந்து கொடுப்பது என் தொழில். பிடித்துச் செய்கிற தொழில்.

தங்கை சாந்தி கிராம சுகாதார செவிலியர். கரியாலூரைச் சுற்றியுள்ள மலைக்கிராமங்கள் அவளுடைய பொறுப்பு. மூன்று வயதுப் பெண் குழந்தையை எங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு மலையிலேயே தங்கி வேலை பார்க்கிறாள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் ஏறுகிற ஏற்றத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை லீவில் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு மூச்சு வாங்கியது. அவள் பேசிக்கொண்டே முன்னால் போனாள். வழியில் சாமைக் கொல்லையில் நின்றவர்கள் எல்லாம், "நர்ஸம்மா, கூழு குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டார்கள். என்னைவிட நான்கு வயது சின்னவள். அன்றைக்கு அவளை நான் அண்ணாந்து பார்த்தேன்.

அது ஐப்பசி மாதம். புயல் கரை கடந்த பிறகும் மழை விடவில்லை. காலையில் அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது சாந்தி போன் செய்தாள்.

"அக்கா, இங்க இன்னா மழ தெரியுமா! ஓடைக்கு அந்தாண்ட ராணின்னு ஒரு பொண்ணுக்கு வலி வந்துடுச்சாம். இன்னும் நாள் இருக்குது, முன்னாடியே வந்துடுச்சு. ஆம்புலன்ஸ் அங்க வராது. ஊர்க்காரங்க ஜீப்புல போய்க்கினு இருக்கறன்."

"ஓடையில தண்ணி இல்லியாடி?"

"இருக்குது. ஜாஸ்தி ஆவறதுக்குள்ள கூட்டிக்கினு வந்துருவன். பாப்பா கேட்டா சாய்ந்திரம் பேசறன்னு சொல்லு."

அதற்குப் பிறகு அவள் போன் கிடைக்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் மழை பெய்தால் சிக்னல் போவது வழக்கம்தான். நானும் வேலையில் மூழ்கிவிட்டேன். மாவட்டம் மாவட்டமாக மழை வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த இரண்டு வரிகள் வந்தன.

அனுப்பியவர் எங்கள் கள்ளக்குறிச்சி நிருபர் குமரவேல். தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் போகிறது, ஜீப் கீழே பாறையில் கவிழ்ந்து கிடக்கிறது, தீயணைப்பு வீரர்கள் தேடுகிறார்கள் என்று அடுத்தடுத்து எழுதியிருந்தார். எனக்குக் காது அடைத்துவிட்டது. அழுகைகூட வரவில்லை. சாந்தி செத்துவிட்டாள் என்றே நினைத்துவிட்டேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? அந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வேன்?

எங்கள் செய்தி ஆசிரியர் பாத்திமா மேடம் என் மேஜைக்கு வந்தார். வரைபடத்தில் அந்த இடத்தைக் குறிக்கச் சொல்ல வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"மலர், என்னாச்சும்மா?"

"அந்த நர்ஸ் என் தங்கச்சி மேடம்."

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு போனை எடுத்துக் குமரவேலைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஜீப்புல ஆள் இருந்தத யாரு பாத்தாங்க?"

"ஜீப்பு உருண்டு போறதத்தான் பாத்தாங்க மேடம். ஆள யாரும் பாக்கல. இந்தப் பக்கத்து ஜனங்க எல்லாரும் உள்ளதான் இருந்திருப்பாங்கன்னு சொல்றாங்க."

"இருந்திருப்பாங்கங்கறது செய்தி இல்ல குமரவேல். மத்தவங்க போடட்டும், நாம போட வேணாம்."

டிவி சேனல்களில் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. மற்றவர்கள் முந்திக்கொண்டால் செய்தி ஆசிரியருக்கு எவ்வளவு நெருக்கடி என்று எனக்குத் தெரியும். அவர் அசையவில்லை. "நீ வூட்டுக்குப் போறியாம்மா, வண்டி சொல்லட்டுமா?" என்றுதான் கேட்டார். போகவில்லை என்றேன். அந்த மலை என் திரையில்தான் இருந்தது. எழுந்து போனால் அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போவதுபோல் இருந்தது.

அந்த நேரத்தில் அம்மா போன் செய்தார்.

"டிவில நர்ஸுன்னு போட்டுக்கினு இருக்கான். நம்ம சாந்தியாடி?"

"இன்னும் தேடிக்கினு இருக்காங்கம்மா" என்றேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கத்துவார் என்று பயந்தேன். அம்மா கத்தவில்லை.

"நான் பாப்பாவத் தூக்கிக்கினு அம்மன் கோயிலுக்குப் போறன். அவ காலாண்டயே உக்காந்துக்கறன். நீ அங்கருந்தே கூப்புடு. அவளுக்கு எங்கருந்து கூப்ட்டாலும் கேக்கும்."

எங்கள் வயல் ஓரத்தில் சின்னக் கோயில். மாரியம்மன் அதில் இருக்கிறாள். என் நினைவு தெரிந்த நாளிலிருந்து ஆடிக்கு ஆடி அவளுக்குக் கூழ் ஊற்றுகிறோம். நான் கண்ணை மூடினேன். சுற்றிலும் போன் அடிக்கிறது, ஆட்கள் ஓடுகிறார்கள். எனக்கு வேப்பிலை மட்டும் மணத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஏசி போட்ட அந்த ஹாலில் வேப்பிலை மணத்தது.

"தாயே, மாரியம்மா! மழையும் நீதான். எங்களுக்குச் சோறு போடறவளும் நீதான். உன் மழையில என் தங்கச்சி மாட்டிக்கினு நிக்கறா. அவ தனக்காகப் போவல, இன்னொருத்தி புள்ளைய காப்பாத்தப் போனா. கொஞ்ச நேரம், கொஞ்சமே கொஞ்ச நேரம் கைய நிறுத்து. எனக்கு இன்னா செய்யணும்னு காட்டு."

கண்ணைத் திறந்தபோது எதிரே அந்த வரைபடம்தான் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். முதல் முறையாக, நிதானமாகப் பார்த்தேன்.

எல்லோரும் ஓடையின் கீழ்ப்பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஜீப் போன பக்கம் அதுதானே. ஆனால் அவர்கள் ஜீப்பில் இல்லாமல் இருந்தால்? அக்கரையிலேயே இறங்கியிருந்தால் வலியோடு இருக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு எங்கே போவார்கள்? என் விரல் திரையில் மேலே நகர்ந்தது. சாந்தி என்னைக் கூட்டிக்கொண்டு போன அந்த நாள் ஞாபகம் வந்தது. "ஓடை நெறஞ்சா இப்புடித்தான் சுத்திக்கினு வருவாங்கக்கா" என்று மேட்டின் மேலே போகும் ஓர் ஒற்றையடிப் பாதையைக் காட்டியிருந்தாள். மேலே போகப் போக ஓடை குறுகிவிடும். பாறைகள் இருக்கும் இடத்தில் கடந்துவிடலாம். கடந்தால் இந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் உள்ள ஊர் வரும்.

அந்தப் பாதை எந்த வரைபடத்திலும் இல்லை. நான் வரைந்தேன். மேட்டின் உயரத்தைக் காட்டும் கோடுகளைப் பார்த்து, கண்ணுக்குள் இருந்ததைப் பார்த்து, சிவப்புக் கோடாக இழுத்தேன். கடக்கும் இடத்தில் ஒரு வட்டம் போட்டேன். குமரவேலின் போனுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"அண்ணா, கீழ தேடறவங்க தேடட்டும். கொஞ்சம் பேர மேல போவச் சொல்லுங்கண்ணா. எறங்கியிருந்தா இங்கதான் வருவாங்க."

குமரவேல் அந்தப் படத்தை அங்கே நின்ற மலைக்காரர்களிடம் காட்டினார். ஒருவர் பார்த்தவுடனே சொல்லியிருக்கிறார்: "ஆமாங்க. ஜீப்புலதான் போய்ட்டாங்கன்னு நெனச்சிக்கினு இத யோசிக்கவே இல்லீங்க. நாங்க முன்னால போறம், கயிறு எடுத்துக்கினு வாங்க." தீயணைப்பு வீரர்கள் ஒரு கயிற்றுக் கட்டோடு அவர்கள் பின்னால் ஏறினார்கள்.

மழையைக் காட்டும் ரேடார் படத்தில் மலையின் மேல் செக்கச் சிவப்பாக ஒரு திட்டு நின்றுகொண்டிருந்தது. பலத்த மழை என்று அர்த்தம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் புதிதாக மாறும்போதெல்லாம் "அம்மா, அம்மா" என்றேன். சிவப்பு மஞ்சளானது. மஞ்சள் பச்சையானது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாத்திமா மேடமும் அதைப் பார்த்தார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவர் தன் இறைவனிடம் எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்துக்குக் குமரவேலின் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்துப் பேசப் பயந்தேன். மேடம்தான் பச்சைப் பொத்தானை அமுக்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, நானு சாந்தி. ஒண்ணும் ஆவல எனக்கு. பொம்பளப் புள்ள பொறந்திருக்குது."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஹாலில் வேலை பார்க்கிற எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

நடந்ததைச் சாந்தி பிறகு சொன்னாள். ராணியை ஏற்றிக்கொண்டு ஜீப் தரைப்பாலத்துக்கு வந்திருக்கிறது. தண்ணீர் முழங்கால் அளவுதான், போய்விடலாம் என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் ராணிக்கு உயிர் போகிற மாதிரி ஒரு வலி. "எறக்கி வுடுங்க, என்னால குந்த முடியல" என்று கத்தியிருக்கிறாள். எல்லோரும் இறங்கி அவளைக் கைத்தாங்கலாக ஒரு மரத்தடிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். டிரைவரும் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறார். அவர் மரத்தடிக்கு வருவதற்குள் மேலேயிருந்து வந்த வெள்ளம் பாலத்தை மூடி ஜீப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

இதைக் கேட்டதும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் கண்ணை மூடி வேண்டியது மதியத்துக்கு மேல். அந்த வலி வந்தது அதற்கு முன்னால். நான் கேட்பதற்கு முன்பே மாரியம்மன் செய்துவிட்டாள். எனக்குத் துன்பம் என்றே தெரியாத நேரத்தில், வேறொரு பெண்ணின் வலியாக வந்து என் தங்கையை ஜீப்பிலிருந்து இறக்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த மலைச் சனங்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது. ராணியின் கணவரும் அவருடைய அண்ணன் தம்பிகளும் மூங்கிலில் சேலையைக் கட்டி டோலி செய்து, வழுக்குகிற மேட்டில் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். பெண்கள் தார்ப்பாயை அவள் மேல் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறார்கள். வழியில் ஒரு கொல்லைக் கொட்டகையில் பிள்ளை பிறந்துவிட்டது. சாந்தி பிள்ளையைத் துடைத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஆனால் ராணிக்கு ரத்தம் நிற்கவில்லை. சாந்தி கையில் இருந்த ஊசியைப் போட்டாள், வயிற்றை அமுக்கிப் பிடித்தாள். கொஞ்சம் கட்டுப்பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். கடக்கும் இடத்துக்கு வந்தால் இடுப்புக்கு மேல் தண்ணீர், கரையும் சரிந்து கிடக்கிறது. கயிறு இல்லாமல் டோலியோடு இறங்கவே முடியாது.

"அப்பதான்க்கா எனக்கு மனசு ஒடஞ்சி போச்சு," என்றாள் சாந்தி. "இவ்ளோ தூரம் வந்து இங்க வுட்ருவமேன்னு. மழ அப்டியே கம்மியாச்சு. எதுர்க்கரையில ஆளுங்க சத்தம் கேட்டுது. நிமுந்து பாத்தா கயித்தோட நிக்கறாங்க."

கயிறு கட்டி, ஆள் வரிசையாக நின்று, ராணியையும் பிள்ளையையும் தலைக்கு மேலே தூக்கி அக்கரையிலிருந்து இக்கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கரியாலூரில் முதலுதவி செய்து கள்ளக்குறிச்சிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். ராணி பிழைத்தாள். அவர்கள் ஆம்புலன்ஸ் ஏறிய பிறகு மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. நான் கேட்ட அளவுக்கு மட்டும் தாய் கையை நிறுத்தியிருந்தாள்.

மறுநாள் எங்கள் பத்திரிகையில் "நர்ஸ் பலி" என்று வரவில்லை. ஒற்றையடிப் பாதையோடு நான் வரைந்த படம் வந்தது. பாத்திமா மேடம் அதற்குக் கீழே மலைக்காரர்கள் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு வாங்கிப் போடவைத்தார்.

நான் மாறிவிட்டேன் சொந்தங்களே. முன்பெல்லாம் வெள்ளம், விபத்து என்று வரும்போது அளவு சரியா, நிறம் சரியா என்பதுதான் என் கவலை. இப்போது ஓர் ஊரின் பெயரை எழுதும்போதே, "தாயே, அங்க இருக்கறவங்கள பாத்துக்கோ" என்று வாய் சொல்லிவிடுகிறது. அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

பிள்ளைக்கு ஒரு வயது தாண்டிய பிறகு, போன தையில் ராணி மலையிலிருந்து குடும்பத்தோடு எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். தலைச்சுமையாகச் சாமையும் கேழ்வரகும் கொண்டுவந்திருந்தாள். அவள் பெண்ணுக்கு மாரியம்மாள் என்று பெயர். அன்றைக்குத்தான் எங்கள் கோயில் வாசலில் அது முதல் முறையாக எதையும் பிடிக்காமல் நடந்தது. ராணி பதறி எழுந்தாள். சாந்தி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "வுடு ராணி, அவ வூட்லதான நடக்கறா" என்றாள்.

உங்களில் யாராவது இப்போது அக்கரையில் நிற்கலாம். பாலம் போய்விட்டது, இனி வழி இல்லை என்று உட்கார்ந்திருக்கலாம். இருக்கிற இடத்திலிருந்தே அவளைக் கூப்பிடுங்கள். குரல் வராவிட்டால் மனதுக்குள் கூப்பிடுங்கள். உங்கள் கையில் என்ன வேலை இருக்கிறதோ அதைவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். அவள் அந்தக் கை வழியாகவே வரலாம். நீங்கள் கூப்பிடுவதற்கு முன்பே புறப்பட்டும் இருக்கலாம்.