நான் பேர் சொல்லேல்லை, அம்மா

1998ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், லண்டன் மாநகரின் நட்ட நடுவில், என் ஆறு வயதுப் பிள்ளையை நான் தொலைத்தேன். ஒரு கையில் பாதி பிரித்த மீன் ரோல்ஸ் பார்சல், மறு கையில் ஒன்றுமில்லை. அப்படித்தான் நின்றேன். பின்னேரங்களில் செபமாலைக்கு முழந்தாளிடுகிற சகோதரங்களே, அந்த நேரம் ஆண்டவர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்கு மறந்துபோனது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் அப்போது ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். கணவருக்கு உணவகக் குசினியில் வேலை. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. என் அக்கா லண்டனில், ரெய்னர்ஸ் லேன் என்ற இடத்தில் இருந்தார். அவரைக் கண்டு எத்தனையோ வருடம். ஆக மலிவான பஸ் எது என்று தேடி, கடலையும் கடந்து, இடுப்பு ஒடிய நானும் மகள் ஷாமினியும் வந்து இறங்கினோம்.

அக்காவுக்கும் ஷிப்ட், அத்தானுக்கும் ஷிப்ட். எங்களைக் கூட்டிக்கொண்டு திரிய ஆளில்லை. நானோ ஓரிடத்தில் இருக்கிற பிறவி இல்லை. வந்த மறுநாளே, நாளைக்கு நாங்கள் தனியாக லண்டன் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

"லண்டன் எங்கையும் ஓடிப்போகாதடி. ஞாயிற்றுக்கிழமை அத்தான் நிப்பார்," என்றார் அக்கா.

"திரும்ப எப்ப அக்கா வரப்போறன்? நாள் முழுக்க ஓடுற பாஸ் ஒண்டு எடுத்துத் தாங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்."

அன்று இரவு படுக்குமுன் வழக்கம்போல் செபமாலை சொன்னோம். எங்கள் வீட்டில் அருள் நிறைந்த மந்திரத்தின் முதற்பாதியை நான் சொல்வேன். மறுபாதியை ஷாமினி சொல்வாள். பேசப் பழகிய நாளில் இருந்து அப்படித்தான். அன்றைக்குப் பிள்ளை களைத்துப்போய் என் மடியில் சரிந்துவிட்டாள். கண் மூடியிருக்கிறது, ஆனால் நான் நிறுத்துகிற இடத்தில் "புனித மரியே" என்று வாய் தானாகத் தொடங்குகிறது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நித்திரையிலையும் விடமாட்டாள் போல கிடக்கே!"

விடிந்ததும் புறப்பட்டோம். கடைச் சாப்பாடு கட்டாது என்று அக்கா ரோல்ஸும் தண்ணீரும் கட்டித் தந்தார். வாங்கின பாஸை விடலாமா? பாலத்தைப் பார்த்தோம், அரண்மனை வாசலைப் பார்த்தோம், சிவப்பு பஸ்ஸின் மேல்தட்டில் ஏறினோம், இறங்கினோம், பிறகும் ஏறினோம். "வா பிள்ளை, கெதியா வா, காலை எட்டி வை" என்று நான் இழுத்த இழுப்பில் அவளுடைய சப்பாத்து வார் அறுந்ததுதான் மிச்சம். கடைசியில், காசு கேட்காமல் உள்ளே விடுகிற ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். உள்ளே கோயில் மாதிரி உயரம், திருவிழா மாதிரிச் சனம்.

"அம்மா, பசிக்குது," என்றாள்.

வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. வெளியே போனால் திரும்ப வரிசை. ஒரு மூலையில் நின்று பார்சலைப் பிரித்தேன். மீன் வாசம் கிளம்ப, கறுப்புச் சீருடை போட்ட உயரமான கறுப்பினக் காவலாளி ஒருவர் எங்களை நோக்கி வந்தார். உள்ளே சாப்பிடக் கூடாது என்று மரியாதையாகத்தான் சொன்னார். நான் "சொறி, சொறி" என்று அவருக்கு முகத்தைக் கொடுத்தபடி பார்சலைச் சுற்றினேன். திரும்பினேன். பிள்ளை இல்லை.

முதலில் தூணுக்குப் பின்னால் பார்த்தேன். பிறகு அடுத்த மண்டபத்தில். பிறகு ஓடத் தொடங்கினேன். "ஷாமினி! ஷாமினி!" என்று நான் கத்திய கத்தலில் முழுச் சனமும் திரும்பிப் பார்த்தது. வாசலுக்கு ஓடினேன். தெருவில் பஸ், டாக்ஸி, ஆயிரம் முகம். அந்த முகங்களுக்குள் எவன் கையிலாவது என் பிள்ளை போகிறாளோ? திரும்ப உள்ளே ஓடினேன். பிள்ளைக்கு இங்கிலீசு தெரியாது. என்னுடையதும் அரைகுறை. கணவருக்கு என்ன சொல்வேன்? செல்லடிக்கும் குண்டுக்கும் நடுவில் இருந்து பத்திரமாகக் கொண்டுவந்த பிள்ளையை, வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் தொலைத்தேன் என்றா? ஐயோ, அந்த நேரம் என் நெஞ்சு பட்ட பாட்டை எப்படி எழுதுவது.

காவலாளி நல்ல மனிதர். வோக்கி டோக்கியில் எல்லோருக்கும் சொன்னார். இன்னும் நாலைந்து காவலாளிகள் வந்தார்கள். மூலை மூலையாகத் தேடினார்கள். வாசலிலும் ஆளை நிறுத்தினார்கள். பிள்ளை வெளியே போனதை ஒருவரும் காணவில்லை. உள்ளேயும் இல்லை.

அப்போது எனக்குப் பக்கத்தில் அவருடைய வோக்கி டோக்கி கரகரவென்று இரைந்தது. சகோதரங்களே, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என் பிள்ளைக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத்தை விட்டபிறகு, விசா வரும்வரை நானும் பிள்ளையும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் கிடந்தோம். கணவர் முன்னமே ஜெர்மனிக்குப் போயிருந்தார். ஆமியும் பொலிசும் அடிக்கடி சோதனைக்கு வருவார்கள். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்கும், பிறகு அந்தக் கரகரப்பு. நான்தான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். "சீருடை போட்டவை வந்தால் கட்டிலுக்குக் கீழை போ. பேர் கேட்டால் சொல்லாதை. ஊர் கேட்டால் சொல்லாதை. ஆர் கூப்பிட்டாலும் மூச்சு விடாதை." ஆரம்பத்தில் ஒரு விளையாட்டுப் போலத்தான் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளை அதை விளையாட்டாக எடுக்கவில்லை.

அப்படியென்றால் பிள்ளையை ஒருவரும் கொண்டுபோகவில்லை. ஒளித்திருக்கிறாள். இவர்கள் தேடத் தேட அவள் இன்னும் ஒடுங்கிப் போவாள். நான் காவலாளியின் கையைப் பிடித்தேன். "மை கன்ட்ரி, ஆமி, பொலிஸ். பேபி பயம்," என்று பாதி இங்கிலீசும் பாதித் தமிழுமாக அழுதேன். அவருடைய வோக்கி டோக்கியைக் காட்டினேன், சட்டையைக் காட்டினேன். அந்த மனிதர் என் முகத்தையே பார்த்தார். பிறகு வோக்கி டோக்கியை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார், மேற்சட்டையையும் கழற்றிச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்தார். மற்றவர்களைத் தூரப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"ஷாமினி, அம்மா நிக்கிறன், வா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. ஆர் கூப்பிட்டாலும் மூச்சு விடாதை என்றுதானே சொல்லிக்கொடுத்தேன். அத்தனை சனத்துக்கும் நடுவில் நிலத்தில் குந்திவிட்டேன்.

அது ஒரு உபாயம் என்று நினைக்காதேயுங்கள். எனக்கு அப்போது புத்தி வேலை செய்யவில்லை. கைப்பையில் இருந்த செபமாலை கையில் தட்டுப்பட்டது, அவ்வளவுதான். "தேவதாயே, நீயும் ஒருக்கால் உன்ரை மகனைத் தொலைச்சுத் தேடினனீ. உனக்குத் தெரியாததே?" என்றேன். பிறகு "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கினேன். மெல்லச் சொல்லவேண்டும் என்ற எண்ணம்கூட இல்லை. வெள்ளைக்காரர் பார்த்தார்கள். பார்க்கட்டும். பாதியில் பழக்கத்தில் நிறுத்தினேன். மறுபாதி சொல்ல ஆளில்லை. அழுதழுது நானே சொல்லி முடித்தேன். செபமாலையின் இரண்டாவது மணியும் அப்படியே போனது.

மூன்றாவது மணியில் முதற்பாதியை முடித்து மூச்சை இழுக்கிறேன்.

"புனித மரியே, இறைவனின் தாயே..."

மெல்லிய குரல். சுவரோரம், தரைவரை பச்சைத் துணி தொங்கிய மேசைக்கு அடியில் இருந்து. ஓடிப்போய்த் துணியைக் கிழித்துத் தூக்க வேண்டும் போல் இருந்தது. ஓடவில்லை. அவள் அவசரமில்லாமல் ஆமென் வரை சொல்லி முடித்தாள். நான் அடுத்ததைத் தொடங்கி, அதைச் சொல்லிக்கொண்டே முழந்தாளில் நகர்ந்து நகர்ந்து போனேன். துணியை விலக்கினேன். அறுந்த சப்பாத்தை நெஞ்சோடு அணைத்தபடி சுருண்டு இருந்தாள்.

"அவையள் போயிட்டினமோ?" என்று குசுகுசுத்தாள். பிறகு, நான் மெச்சுவேன் என்ற முகத்தோடு சொன்னாள்: "நான் பேர் சொல்லேல்லை, அம்மா."

அவளைக் கட்டிப்பிடித்து நான் அழுத அழுகையை லண்டன் என்றைக்கும் மறக்காது. காவலாளி கொஞ்சத் தூரத்தில், மேற்சட்டை இல்லாமல் வெறும் சேட்டோடு, நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. பிள்ளையைப் பார்த்துச் சிரித்து, தன் நெஞ்சைத் தொட்டுத் தன் பெயரைச் சொன்னார். பிறகு அவளை நோக்கிக் கையை நீட்டி, உன் பெயர் என்ன என்று கேட்டார்.

ஷாமினி என்னைப் பார்த்தாள். உதடு இறுகி இருந்தது.

"சொல்லு பிள்ளை," என்றேன். "இனி ஆர் கேட்டாலும் சொல்லலாம்."

அவள் எழும்பி நின்றாள். பள்ளிக்கூடத்தில் சொல்வது போல, தன் பெயர், தகப்பன் பெயர், நாங்கள் விட்டுவந்த ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் உரத்துச் சொன்னாள். எனக்குத் தெரிய, அந்நிய மனிதர் ஒருவருக்கு அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தரம். தேவதாய் எனக்குப் பிள்ளையைத் தேடித் தந்தது மட்டுமில்லை, அவள் வாயில் நான் போட்ட பூட்டையும் அன்றைக்கே திறந்து தந்தார்.

அதற்குப்பிறகு என் ஓட்டமும் அடங்கியது. பிள்ளையின் காலுக்கு ஏற்றபடிதான் நடந்தேன். எந்தக் களைப்பிலும் பின்னேரச் செபத்தை விடுவதில்லை. பிள்ளைகளோடு செபம் சொல்கிற தாய்மாரே, அவர்கள் கொட்டாவி விட்டாலும் சொல்லுங்கள். நித்திரை தூங்கினாலும் சொல்லுங்கள். அது வீண்போகாது. நான் கண்டவள்.

அன்று ரயிலில் ரெய்னர்ஸ் லேனுக்குத் திரும்பும்போது ஷாமினி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, நடுவிலை விட்டிட்டீங்கள். மிச்சம் கிடக்கு."

செபமாலையை எடுத்தேன். பெட்டி நிறையச் சனம். முதற்பாதியை நான் சொன்னேன். மறுபாதியை அவள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.