திரும்பி வரும் குழாயின் சூடு

உத்திரமேரூர் ஏரி நிரம்பியிருந்த மழைக்காலம் அது. ஆழம் அளக்கும் எங்கள் மோட்டார் படகு கால் மணி நேரம் ஓடினாலே கொதித்து நின்றது. இயந்திரப் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆகியிருந்த என்னை அனுப்பும்போதே, அதிகாரி முடிவையும் சொல்லி அனுப்பினார். டிரைவர் புதுத் தண்ணீர்ப் பம்பை விற்றுவிட்டுப் பழையதை மாட்டியிருக்கிறான். எழுதிக் கொடு, ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று.

டிரைவர் மாகறல்காரர். தினக்கூலி. என் அப்பா வயது. நான் கேட்பதற்கு முன்பே பம்பின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். குற்றமில்லாதவர் ஏன் முந்திக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நோட்டில் வரிசையாக எழுதினேன். தண்ணீர் அளவு, சரி. பெல்ட், இறுக்கம். பம்பு, புதிது போலத்தான் இருந்தது; துடைத்து மெருகேற்றிய பழசாகவும் இருக்கலாம் என்று பக்கத்தில் குறித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இன்ஜினுக்குள் ஏரித் தண்ணீர் போகாது. அதற்கென்று ஊற்றிய தண்ணீர், படகின் அடியில் ஏரிக்குள் மூழ்கியிருக்கும் குழாய்களில் சுற்றி, ஆறித் திரும்பும். மூடியை மாட்டி ஓட்டச் சொன்னேன். பம்பு கெட்டிருந்தால் தண்ணீர் மெதுவாகப் போய் நன்றாகவே ஆறி வரும். திரும்பி வரும் குழாயில் கை வைத்தேன்; சுட்டது. தண்ணீர் ஓடுகிறது, ஆனால் ஆறவில்லை. பம்பின் மேல் பழி போட வழியில்லை.

ஆட்களைக் கூப்பிட்டுக் கயிறு கட்டிப் படகைக் கரையேற்றினோம். அடியில் குழாய்களே தெரியவில்லை. கட்டைவிரல் கனத்துக்குத் தார்; ஏரியின் குளிர்ச்சி குழாயைத் தொட வழியே இல்லை.

யார் பூசியது என்று கேட்டேன்.

"நான்தான். ஆயுத பூஜைக்கு ஒரு எடம் வுடாம பூசுன்னு ஆபீசர் அய்யா சொன்னாரு. துரு புடிக்கக் கூடாதுன்னு கொயாய்க்கு மட்டும் ரெண்டு கை சேத்துப் பூசினேன்" என்றவர், என்னைப் பார்த்து, "இன்னா, அதுவும் திருட்டா?" என்றார்.

மண்ணெண்ணெய் தொட்டு மதியம் வரை சுரண்டினோம். மறுபடி ஏரியில் இறக்கி முக்கால் மணி நேரம் ஓட்டினோம். கொதிக்கவில்லை.

கரையில் உட்கார்ந்து அறிக்கையை ஐந்து வரியில் எழுதினேன். டிரைவருக்கு எழுத்து தெரியாது; படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

"நீங்க படிச்சது சரிம்மா. எய்தினதும் அதானான்னு பாக்கணும்."

காகிதத்தை வாங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அங்கே யாரோ எழுத்துக்கூட்டிப் படிப்பது எனக்குக் கேட்டது. கோபம் வந்தது. ஆனால் காலையிலிருந்து நானும் அவரை நம்பாமல் சரிபார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

திரும்பி வந்து காகிதத்தை என் முன்னால் வைத்தார்.

"தார் பூசியிருந்ததுன்னு கீது. பூசச் சொன்னது யாருன்னு இல்லியே."

மறந்து விட்டதல்ல அது. அதிகாரியின் கீழ் நான் இன்னும் பல வருஷம் வேலை பார்க்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் இவருக்கு நாளையிலிருந்து வேலை இல்லை. ஆறாவது வரியாக, அதிகாரியின் வாய்மொழி உத்தரவுப்படி பூசப்பட்டது என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

தலையாட்டினார். காகிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் டீக்கடைக்கு நடந்தார்.